தரைப்பாலம்

வியாழன், மூன்றாம் மணி. பி.காம். இரண்டாமாண்டு.
நூலகத்துக் கணினி அறையில் முப்பத்தாறு இருக்கை,
உயிருள்ள கணினி இருபத்தொன்று.
ஜன்னலை அடைத்துக்கொண்டு நாகமலை.
பாடத்தின் பெயர் தகவல் அறிதிறன்:
மதிப்பெண் கிடையாது, வருகைப்பதிவு உண்டு.

விடிந்ததிலிருந்து எல்லார் கைபேசியிலும் கிடந்த படத்தைத்
திரையில் போட்டேன்.
பாலத்தின் வயிற்றைத் தொட்டபடி செந்நீர்.
கீழே, 'வைகை! இன்று இரவு! மதுரை மக்களே உஷார்!
பத்துப் பேருக்காவது அனுப்பவும்.'

யார் சொன்னது, எப்போது சொன்னது,
முதலில் எங்கே வந்தது என்று
நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள்
ரிஸ்வானா ஒரு விளக்குக் கம்பத்தைப் பெரிதாக்கிவிட்டாள்.
"மேடம், இந்த போர்டு தெலுங்கு."
படத்தை வைத்தே படத்தைத் தேடினார்கள்.
ஆறு வருஷம் பழசு.
வேறு ஆறு.

வகுப்பு சிரித்தது. நான் மார்க்கரை மூடினேன்.

சுருளிவேல் சிரிக்கவில்லை.
செல்லூரில் கரையை ஒட்டி வீடு.
"படம் பொய், சரி மேடம்.
தண்ணி?"

தரவுத்தளங்களின் பட்டியல் என்னிடம் இருந்தது,
கடவுச்சொல் ஒட்டிய அட்டையோடு.
பல்கலைக்கழகம் பணம் கட்டி வாங்கியவை.
வைகை இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது
என்பது அவற்றில் இல்லை.

அணைப் பக்கம் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டான்.
ஸ்பீக்கரில் கரகரத்தது குரல்:
மூணாவது எச்சரிக்கை நேத்து ராத்திரியே விட்டாச்சு மாப்ள.
"நீ கண்ணால பாத்தியா?"
"சங்கு கேட்டுச்சு. பாக்கல."
அந்தக் கேள்வி என் குறிப்பில்
அடுத்த வாரத்துக்கு இருந்தது.

ரிஸ்வானாவின் அண்ணனுக்கு சிம்மக்கல்லில் கடை.
ஆத்துக்குப் போய் ஒரு படம் எடு,
இன்னைக்கு பேப்பரைப் பக்கத்துல பிடிச்சு எடு என்றாள்.
வந்தது: ஈரமான தலைப்புச் செய்தி,
அதற்குப் பின்னால் தடுப்புக் கம்பி,
அதற்கும் பின்னால் தரைப்பாலம் இருந்த இடத்தில்
தண்ணீர்.

"ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல ஏத்தணும். அம்மா தனியா இருக்கு.
அட்டென்டன்ஸ்?"
"போட்டுக்கறேன், போ."

அறை காலியானபின் என் கைபேசியைத் திறந்தேன்.
குடும்பக் குழுவில் காலை ஆறு பத்துக்கு
அதே பாலம், அதே செந்நீர்.
அனுப்பியது நான்.
கூப்பிய இரண்டு கைகளும் சேர்த்து.
பதினான்கு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அழிக்கலாம். அழிக்கவில்லை.
அதன் கீழேயே தட்டினேன்:
படம் தப்பு. தண்ணி நிஜம்.

அவனியாபுரத்து மதினி உடனே கேட்டாள்,
யாரு சொன்னா?

சுருளிவேல், பி.காம். இரண்டாமாண்டு, செல்லூர்.
வியாழன், மூன்றாம் மணி.