சொல் எண் நாற்பத்தொன்று

பரதராமி தாண்டி, புளியமர வரிசை முடிகிற இடத்தில்
மாங்கூழ் ஆலை.
எடைமேடையில் நின்றால் என் கைபேசி தமிழ்நாட்டில் இருக்கிறது.
பதினோரு எட்டு நடந்து கழுவும் தொட்டிக்கு வந்தால்
ஆந்திரத்துக்கு நல்வரவு என்று தெலுங்கில் அதிர்கிறது.
எந்தக் கோபுரம் பக்கமோ அதற்கே முழுசாகச் சொந்தம்.
ஜூன் மாதத்தில் மட்டும் இருநூறு முறை வரவேற்கப்பட்டேன்.
யாரும் வழியனுப்பவில்லை.

என் வேலை இது:
பெல்ட்டில் ஓடும் காயை கேமரா படமெடுக்கும்.
படத்தை நகக்கண் அளவுக்கு நறுக்குவேன்.
துண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்வரிசை,
வெளிச்சம் எந்தப் பக்கம் சரிகிறது, எவ்வளவு செங்குத்தாக.
லட்சம் துண்டுகளைக் குவியல்களாக்கி
ஒவ்வொரு குவியலின் நடுவுக்கும் எண் போட்டேன்.
இருநூற்று ஐம்பத்தாறு சொற்கள்,
அவ்வளவுதான் என் அகராதி.

ஏழு: காம்படிப் பள்ளம்.
தொண்ணூறு: பால் வடிந்து கறுத்த கோடு.
நாற்பத்தொன்று: மூக்கின் வளைவு,
எங்களுக்குக் கிளிமூக்கு, ரசீதில் பெங்களூரா,
தொட்டிக்கு அந்தப்புறம் தோதாபுரி.
நூற்றுப் பன்னிரண்டு என்னவென்று எனக்கே தெரியாது.
ஆனால் அடிக்கடி வருகிறது.

ஒரு மாங்காய் என்பது
எந்தச் சொல் எத்தனை முறை என்னும் பட்டியல்.
எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
காம்பு இருக்குமிடத்தில் மூக்கு இருந்தாலும்
கூட்டுத்தொகை அதேதான்.
லாரியில் நசுங்கி வந்ததும் முழுசாய் வந்ததும்
ஒன்றென்றது நிரல், முதல் வாரம்.
ரெட்டெம்மா சிரித்தாள், பாதியில் நிறுத்தி,
“கூழுக்குத்தானே போகுது, அது சொல்றதும் சரிதான்” என்றாள்.

படத்தை நாலாய் மடித்து
மடிப்புக்கு மடிப்பு தனியாக எண்ண வைத்தேன்.
கொஞ்சம் தெளிந்தது.

அப்புறம் ஒரு மதியம், கூரைத் தகடு ஒன்று பெயர்ந்து
வெயில் உள்ளே விழுந்தது.
நாற்பத்தொன்று நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது.
அதே துண்டு. இம்மி நகரவில்லை.
நாற்பது டிரே கிளிமூக்கு
‘மற்றவை’ சரிவில் உருண்டது.
குத்தகைக்காரர் முனிரத்தினம் நாயுடு
தெலுங்கில் திட்டினார்,
நஷ்டத்தை மட்டும் தமிழில் எண்ணினார்.

இரவெல்லாம் தொட்டியோரம் உட்கார்ந்து
ஒரு துண்டை ஒரே சொல்லிடம் ஒப்படைப்பதை நிறுத்தினேன்.
பக்கத்துச் சொற்கள் ஐந்துக்கும் பங்கு:
நாற்பத்தொன்றுக்கு ஆறணா, நூற்றுப் பன்னிரண்டுக்கு ஐந்தணா,
மிச்சத்தை மற்ற மூன்றும் பிரித்துக்கொள்ளட்டும்,
கூட்டினால் ஒரு ரூபாய் வந்தால் சரி.

படங்களுக்குப் பெயர் குறிப்பவள் ரெட்டெம்மா.
“ரெண்டே பட்டன்தானா?” முதல்நாளே கேட்டாள்.
ஒட்டுமரத்துக் காய் திரையில் வந்தால்
இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொள்வாள்.
படம் அப்படியே நிற்கும்.
பதிவேட்டில் அதற்குப் பெயர்: தாமதம்.

இப்போது பங்கும் போதவில்லை.
சொல்லைத் துண்டிலிருந்து கழித்து
மிஞ்சுவதை எழுதி வைக்கிறேன்:
எந்தச் சொல் என்பதோடு நிற்காமல்
அதைவிட்டு எந்தத் திசையில், எத்தனை தூரம்.
எண்வரிசை நீண்டுவிட்டது, பழைய கணினி இரைகிறது.
எதிரெதிரே விலகிய இரண்டு
கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன,
அங்கே எதுவுமே வராத மாதிரி பூச்சியம்.
அதற்கு இன்னும் வழி செய்யவில்லை.

இன்று தவறு நூற்றுக்கு நாலு.
ரெட்டெம்மா கைதூக்கிய படங்களை அழிக்கச் சொன்னார்கள்.
வேறொரு பெயரில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பேசலாமென்று
மேடைக்கும் தொட்டிக்கும் நடுவே, ஆறாம் எட்டில் நிற்கிறேன்.
திரையில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை.
தேடிக்கொண்டிருக்கிறது.
டிரேயைத் தள்ளிக்கொண்டு வந்த ரெட்டெம்மா
“நகரு, நகரு” என்கிறாள்,
எந்தப் பக்கம் என்று சொல்லாமல்.