மூன்று மில்லிமீட்டர்

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
நாலாவது மாடியில் என் திரையில் மட்டும்
ஒரு மருத்துவமனை சுழல்கிறது,
இன்னும் கட்டாத சுவர்களோடு.

காலையில் யூலார் கூப்பிட்டான்.
மின்பணியாள். வாயில் பாதி ரொட்டி.
"ஆறாம் தளத்துக் கழிவறைகளில்
அவசரக் கயிறு எங்கே, மார்யெ?
விழுந்தவர்கள் எதைப் பிடித்து இழுப்பார்கள்?
உன் தாளில் வெறும் சுவர்தான் இருக்கிறது."

இருக்கிறதே என்றேன்.
மாதிரியைத் திருப்பிப் பார்த்தேன்:
சிவப்புக் கயிறு, முக்கோணப் பிடி,
தரையிலிருந்து பத்து சென்டிமீட்டரில் அதன் நுனி.
தயாரித்த கம்பெனியின் எண்கூட உண்டு.
தளப்படத்துக்கு வந்தால்
ஆளைக் காணோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
எங்கள் தொழிலில் தலைகீழ்.
ஏட்டில் இல்லாத சுரைக்காய்
சட்டிக்கு வரவே வராது.

ஃபேமிலியைத் திறந்தேன்.
குடும்பம் என்றுதான் இதற்குப் பெயர்.
பொருள் ஒன்று, அதன் மடியில் ஒரு குறி.
பொருளுக்குத் தடிமன் உண்டு, எடை உண்டு, விலை உண்டு.
குறிக்கு ஒரு வட்டம், ஒரு கோடு, அவ்வளவுதான்.
ஐம்பதில் ஒன்று என்றால் பொருள் சிறுக்கும்;
இருநூறில் ஒன்று என்றால் தூசி.
குறி சிறுக்காது.
எந்த அளவிலும் தாளில் மூன்று மில்லிமீட்டர்.
பிடிவாதக்காரி.

ஒரே ஒரு குறை அவளிடம்.
நேருக்கு நேர் பார்த்தால்தான் தெரிவாள்.
தரையில் படுத்திருந்தால் மேலிருந்து காணலாம்.
பொருளைச் சுவரில் ஒட்டியதும்
குறியும் கூடவே எழுந்து நின்றுவிடுகிறது;
மேலிருந்து பார்ப்பவனுக்கு அப்புறம்
விளிம்புகூட இல்லை.
ஓரத்தில் பார்க்கும் காகிதத்துக்காவது
ஒரு கனம் உண்டு.

பண்புப் பட்டியலில், கீழே, இன்னும் கீழே,
ஒரு சின்னக் கட்டம்:
குறியின் திசை மாறாமல் வைத்துக்கொள்.
காலியாக இருந்தது.
எந்த மடையன் செய்தது என்று தேடினேன்.
உருவாக்கியவர்: மா. த.
மூன்று வருடத்துக்கு முன், வெள்ளிக்கிழமை,
மாலை நாலு ஐம்பத்தெட்டு.
மா. த. நான்தான்.

டிக் அடித்தேன். திரும்ப ஏற்றினேன்.
பழையதன் மேல் எழுதவா என்று கேட்டது.
எழுது.
ஒவ்வொரு கழிவறையிலும் ஒரு வட்டம் முளைத்தது.
முளைத்த வேகத்தில் விளக்கு சுவிட்சின் மேலேயே
போய் உட்கார்ந்துகொண்டது.
சுவரில் ஒன்று மேலே, ஒன்று கீழே;
மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளி.

ஆகவே விலக்கினேன்.
கயிற்றின் குறியைச் சுவரிலிருந்து பிடுங்கி
அறைக்குள் கொஞ்சம் தள்ளி,
காற்றில் நிறுத்தினேன்.
அங்கே எதுவும் இல்லை.
அங்கே எதுவும் வரப்போவதும் இல்லை.
ஆனாலும் யூலார் அதைப் பார்ப்பான்,
சரியாகச் சுவரில் துளை போடுவான்.
கொஞ்சம் இடம் மாறி நின்றால்தான்
சில உண்மைகளைப் படிக்க முடிகிறது.

எண்ணினேன். இருபத்தைந்து.
அறைகள் இருபத்தாறு.

அறுநூற்றுப் பதினாலு:
கூரையோடு சாய்ந்து இறங்கும் சுவர்.
படுக்கையும் இல்லை, நிமிர்வும் இல்லை.
கட்டத்தில் டிக் இருந்தும்
வட்டம் வர மறுத்தது.
அவிழ்த்தேன், கட்டினேன், வேறு வார்ப்புருவில் போட்டேன்.
சன்னலுக்கு வெளியே பனிவாரும் வண்டி
இரண்டு முறை போய்வந்தது.

கடைசியில் தாளை அச்செடுத்து
சிவப்புப் பேனாவால் வரைந்தேன்.
ஒரு வட்டம், ஒரு கோடு.
கை கொஞ்சம் நடுங்கியது;
மூன்று மில்லிமீட்டருக்கு நாலாகிவிட்டது.
படம் பிடித்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் யூலாரின் செய்தி:
"அறுநூற்றுப் பதினாலில் மட்டும்
கயிறு பெரிதா?"

அதே கயிறுதான் என்று பதில் போட்டேன்.
தரையிலிருந்து
பத்து சென்டிமீட்டர்.