ஐம்பது நிமிடம் பிந்தி

குளுகோர் அடுக்குமாடியின் உச்சியில் என் ரேடார்.
நீரிணைக்கு அந்தப் பக்கம்
பட்டர்வொர்த் கிடங்குக் கூரையில் தவனேசனுடையது.
நடுவே கேபிள் இல்லை.
இரண்டும் ஒரே கண்ணாகப் பார்க்க
இரு கடிகாரங்களும்
பத்து பைக்கோ நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும்.
அதற்குள் ஒளி
ஓர் உளுந்தின் அகலம் போகும், அவ்வளவுதான்.

இங்கிருந்து ஒரு துடிப்பு, அங்கிருந்து ஒன்று.
போன நேரம் வந்த நேரம் கூட்டிக் கழித்தால்
தூரம் உதிர்ந்துபோய்
கடிகாரப் பிழை மட்டும் கையில் நிற்கும்.
காகிதத்தில்.

பகலில் கூரையில் கால் வைக்க முடியாது;
சோதனையெல்லாம் இருட்டிய பிறகுதான்.
தினமும் ஏதோ ஒரு நேரத்தில் கட்டம் வழுக்கியது.
உன் படிகம் சூடாகிறது என்றான்.
உன் கூரைதான் தகரம் என்றேன்.
அவன் விசிறி வைத்தான்.
நான் என் பெட்டியை
மீன் வாடை போகாத ஐஸ் பெட்டிக்குள் இறக்கினேன்.
மூன்று வாரம் எண்களை மட்டும் அனுப்பிக்கொண்டோம்.

வியாழக்கிழமை,
படகில் பிரதிபலிப்பான் கட்டி ஓட்ட வேண்டிய ரிட்சுவான்
ஒன்பதுக்கு வர முடியாது என்றான்.
வெறும் சேறு. பத்துக்குத்தான் தண்ணீர் ஏறும்.
நேற்று ஒன்பது பத்துக்கே ஏறியதே?
அது நேற்று.

பதிவேட்டைத் திறந்தேன்.
திங்கள் ஏழரை. செவ்வாய் எட்டு இருபது.
புதன் ஒன்பது பத்து.
வெயில் இப்படி நாளுக்கு நாள் பிந்தாது.
நிலா பிந்தும்.

கடல்!
என் சொல்லில் ஒரு பங்கு நேராகப் போக
ஒரு பங்கு நீரில் பட்டுத் தெறித்துப் போயிருக்கிறது.
நீர் ஏற ஏற அந்த வழி சுருங்கும்.
நான் ஓர் அலைவரிசையில் பேச
அவன் வேறொன்றில் பதில் சொல்ல
ஆளுக்கொரு விதமாகத் திரித்திருக்கிறது தண்ணீர்.
கடிகாரம் இரண்டும் யோக்கியம்.

அழைத்தேன். நெடுநேரம் மணி அடித்தது.
ஒரே அலைவரிசை போதும், முறை வைத்துப் பேசுவோம்,
நான் முடித்த பிறகு நீ.
முதல் நாளே சொன்னேன் என்றான்.
சொல்லியிருப்பான்.
நானும் அப்போது பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பத்தேகாலுக்குப் படகு கிளம்பியது.
திரையில் மங்கலாக ஒரு ரிட்சுவான்,
மங்கலாக இன்னொரு ரிட்சுவான்;
பிறகு எதிரொலி மேல் எதிரொலி வந்து அமர
இரைச்சலைத் தாண்டி எழுந்தது ஒற்றைப் புள்ளி.
அந்தப் பக்கத்தில் யாரோ தகரத்தைத் தட்டுவது
போனில் கேட்டது.

பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன்,
வெப்பம், ஈரப்பதத்துக்கு அடுத்து:
திதி.