இருவரும்

மூன்றாம் வருடம், வரலாறு சிறப்பு.
"குடியியல் உரிமைகள்: ஓர் இயக்கத்தை எடுத்து ஆராய்க,
இரண்டாயிரம் சொல்லுக்கு மேற்படாமல்."
வகுப்பில் பாதிப் பேர் அலபாமா பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.
குறிப்புகள் நிறையக் கிடக்கும், பயணமும் சுகம்.
எனக்குத் தெரிந்த பஸ் பாசையூரிலிருந்து வருவது.
அதில் இருக்கை கிடைக்காதது பெரிய குறையில்லை,
பின்னால் நிற்கிறவரின் கைதான்.
என் பையில் ஊசி ஒன்று எப்போதும் உண்டு.
அதை இரண்டாயிரம் சொல்லுக்குள் எங்கே குத்துவது?

நான் வாங்கை எடுத்தேன்.
நாலு கால் வாங்கு, பள்ளிக்கூட வாங்கு.
முப்பதாம் ஆண்டளவில் சம ஆசனம் என்று உத்தரவு வர,
அதுவரை நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள்
பலகைக்கு ஏறிய கதை.
சில ஊர்களில் கூரைக்கு நெருப்பு வைத்தார்கள்.
காய்ந்த ஓலை எரிந்து முடிய எவ்வளவு நேரம் எடுக்கும்?
கட்டுரைக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

நூலகத்து மேல்மாடி, நுண்படச் சுருள், மங்கல் எழுத்து.
வடமராட்சியில் ஒரு பள்ளி. வாங்கில் இருந்தவர்கள்:
கந்தன் மகன் வேலன், சின்னவி மகன் மயிலன்,
இப்படிப் பதினொரு பெயர், பதினொரு தகப்பன்.
கடைசியில், வரி முடிய மிச்சமிருந்த இடத்தில்:
'பெண்பிள்ளைகள் இருவரும்.'

அவ்வளவுதான்.
இருவர் என்று நின்றிருந்தால்கூட விட்டிருப்பேன்.
அந்த உம்மோடு ஒரு பின்னேரம் போனது.
எண்ணும்மையா, எச்ச உம்மையா,
உயர்தரத்தில் பாடமாக்கிய இழிவு சிறப்பும்மையா:
இவர்களே ஏறிவிட்டார்கள் பார், என்கிற உம்?
யாருடைய மகள்கள் என்றுகூட இல்லை.
நுனியில்தான் இருந்திருப்பார்கள்.
நுனியில் இருந்து பார்த்தவருக்குத் தெரியும்,
இன்ஸ்பெக்டர் வர மற்றவர்கள் பொசுக்கென்று எழும்பினால்
வாங்கு யாரைக் கவிழ்க்கும் என்று.

முப்பத்தொன்றில் வாக்குரிமை வந்தது, பெண்களுக்கும்.
திரும்பவும் அந்த உம்.
வந்த கையோடு யாழ்ப்பாணம் தேர்தலைப் பகிஷ்கரித்தது.
அதற்கு நல்ல காரணங்கள் உண்டு,
நானே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.
என்றாலும், கையில் சூடு ஏறாத வாக்கைப்
போடாமல் இருக்கச் சம்மதமா என்று
அவளை யார் கேட்டார்கள்,
கேட்டார்களா,
அந்த அரைப் பக்கத்தில் இல்லை.

ஆறு மணி. விடுதி வாசல் பூட்டப் போகிறார்கள்.
பெடியள் எட்டு மட்டும் படிப்பார்கள்.
நான் சுருளைக் கழற்றிக்கொண்டிருக்க லிதுர்சன் வந்து
சூடு ஆறாத என் கதிரையில் இருந்தான்.
நல்ல பெடியன். அவனும் அலபாமா.

சனிக்கிழமை அக்காவோடு நொத்தாரிசிடம் போனேன்.
அக்காவுக்குச் சீதனமாய் வந்த காணி,
அக்காவின் பெயரில் உறுதி,
விற்க அத்தானின் கையெழுத்து வேண்டும். தேசவழமை.
அத்தான் டோகாவில். போன் எடுத்தால் வெட்டுகிறார்.
"இருங்கோ பிள்ளையள்," என்றார் நொத்தாரிசு.
கதிரையைத் துடைத்துத் தந்தார்,
காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.
அக்கா இருந்தாள். சம ஆசனம்.
அவ்வளவு மரியாதையாக 'ஏலாது' சொல்லி நான் கேட்டதில்லை.
வெளியே வந்து சிரித்தாள், பிறகு
ஒரு கிலோ கொய்யாப்பழம் வாங்கினாள், விலை பேசாமல்.

இதையும் கட்டுரையில் வைத்தேன்.
கலாநிதி தவராணி சிவப்பில் கேட்டிருந்தார்: தொடர்பு?
இரண்டாம் பக்கத்தில்,
'வாங்கில் ஏறிய பதின்மூன்று பிள்ளைகள்' என்ற இடத்தில்
வட்டம் போட்டு: சான்றில் பதினொன்று.
ஐம்பத்தெட்டுப் புள்ளி.
திங்களுக்குள் திருத்தித் தா என்றார்.

ஒற்றுப்பிழைகள் ஏழு, திருத்தினேன்.
பதின்மூன்று அப்படியே நிற்கிறது.
கீழே ஒரு அடிக்குறிப்பு:
பெயர் கிடைக்கவில்லை. இருந்தார்கள்.