தஞ்சோங் பூங்கா, மாத மதிப்பீடு

புல் வெட்ட மாதம் இருமுறை, நூற்றெண்பது வெள்ளி.
மழைமாதத்தில் மூன்றாவது முறையும் வேண்டும்;
அதை எழுதினால் கையெழுத்து விழாது.
உரம், கொசுமருந்து, லோரி, தேவநேசனின் கூலி.

குவா அம்மையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நாற்பது குறைக்கச் சொல்கிறார்.
எதில்?

வேலிக்கு வெளியே நிற்கும் அங்சானா
நகராண்மைக் கழகத்தின் மரம்,
பூ மட்டும் நம் பக்கம்.
வருடத்தில் ஒருநாள் மொத்தமாய்ப் பூத்து
மறுநாள் மொத்தமாய்ப் புல்மேல் கொட்டும்.
கூட்டி அள்ள ஓர் ஆள், அரை நாள்:
அந்த வரியைக் காட்டினேன்.

"அடித்துவிடு. அன்றைக்கு யாரும் வர வேண்டாம்.
அப்படியே மஞ்சளாய்க் கிடக்கட்டும்."

மாதத்துக்குப் பிரித்தால் ஐந்து வெள்ளி குறைந்தது.
மீதி முப்பத்தைந்துக்கு
இன்னும் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.
வெளியே தேவநேசன்
லோரி எஞ்சினை அணைக்கவில்லை.