பின்னால் நிற்பவர்

டுலூத்தில் ஏப்ரல் என்பது
வாசல் ஓரத்தில் கறுத்துக் கிடக்கும் மிச்சப் பனி.
கராஜ் கதவை இடுப்பளவு தூக்கி வைத்திருக்கிறேன்,
ஹீட்டரின் புகை போகட்டும் என்று.

சீட்டைக் கழற்றியாயிற்று.
நான்கு போல்ட்டில் மூன்று சொன்னபடி வந்தன.
நான்காவது எண்ணெய் குடித்தது,
சுத்தியலால் இரண்டு வாங்கியது,
என் வாயில் வரக்கூடாத ஒரு சொல்லையும் கேட்டது,
பிறகு எதுவுமே நடக்காததுபோல் சுழன்றது.

பழைய விளக்குக்குள் ஓர் ஈ செத்திருக்கிறது.
கொஞ்சம் துருத் தண்ணீர்.
பல்பின் கண்ணாடி உள்ளுக்குள்ளேயே கரிபிடித்திருக்கிறது.
போன அக்டோபரில், மெசாபா சரிவில், சிக்னலில்
என் பின்சக்கரத்தை வந்து தொட்ட பிக்கப் வண்டிக்காரி
ஜன்னலை இறக்கிச் சொன்னாள்:
"சத்தியமா நீங்க நின்னதே தெரியல."
மன்னிப்பாகத்தான் சொன்னாள்.
குளிர்காலம் முழுக்க
வேறு வேறு குரல்களில் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதியது நாற்பத்தாறு டாலர்.
புகைநிற மூடி, உள்ளே எல்.இ.டி.
மாதுளை முத்துகள்போல் நெருக்கமாய்.
கூட வந்த காகிதத்தில் ஐந்து மொழிகள்,
ஒரே ஒரு படம்,
அதுவும் வேறு ஏதோ வண்டிக்கு.

கறுப்பைக் கறுப்போடு சேர்த்தேன்.
யாராயிருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்?
சாவியைத் திருப்பினேன்.
பட்.
ஃபியூஸ் போயிற்று.
இந்த ஹோண்டாவுக்குக் கறுப்புதான் உயிர்,
பச்சைதான் மண்.
பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன்,
என் வண்டியின் மண் என்ன நிறம் என்று
இன்றைக்குத்தான் தெரிகிறது.

மறுபடி முதலிலிருந்து.
வயரின் தோலைப் பல்லால் உரிக்கக் கூடாது
என்று சொல்லிக்கொண்டே பல்லால் உரித்தேன்.
செம்புச் சுவை.
ஷ்ரிங்க் குழாய் லைட்டர் சூட்டில் சுருங்கி
இரண்டு வயர்களின் முடிச்சை இறுக்கிப் பிடிக்கிறதே,
அதை மட்டும் இன்னும் நாலு தடவை பார்ப்பேன்.

சாவி. எரிகிறது.
பக்கத்தில் குந்தி, பிரேக் மிதியைக் கையால் அழுத்துகிறேன்.
சிவப்பு கூடியதா,
கூடியதென்று நான் நினைக்கிறேனா?
எழுந்து பின்பக்கம் ஓடினால் மிதி விட்டுப்போகிறது.
கண்ணாடியைத் திருகிப் பார்த்தேன், என் முட்டி தெரிந்தது.
போனைப் பெயின்ட் டப்பாவில் சாய்த்துப் படமெடுத்தேன்,
போன் விழுந்தது;
பத்து விநாடி கராஜின் கூரை.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
இதை மாட்டுவதற்கு ஓர் ஆள் போதும்,
எரிகிறதென்று சொல்ல இன்னொருவர் வேண்டும்.

கதவுக்கு அந்தப்புறம்
இரண்டு ரப்பர் பூட்ஸ், இரண்டு முழங்கால்,
ஒரு நாய் மட்டும் முழுதாக.
எதிர்வீட்டு வெர்னன் கொய்விஸ்டோ.
ஜனவரியில் அவருடைய இயந்திரம் துப்பிய பனியெல்லாம்
என் வாசலில் வந்து குவிந்த நாள்முதல்
எங்களுக்குள் பேச்சு இல்லை.
அந்தக் குவியலின் மிச்சம்தான்
இப்போது சிவப்பாகத் தெரிகிறது.

"இன்னொரு தடவை" என்றன பூட்ஸ்.
அழுத்தினேன்.
"கூடுது."
விட்டேன்.
"குறையுது."
இடது சிக்னல்.
"ம்."
வலது.
நீண்ட மௌனம். நாய் தும்மியது.
"அடிக்குது. ஆனா ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி அடிக்குது.
ரிலே மாத்தணும்."
எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தேன்.
"சரி" என்றேன்.

பனியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பூட்ஸ் திரும்பின.

தெருவிளக்கு எரியாத தெரு அது.
அவரும் நாயும் கடந்து,
அவர் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை
மிதியை அழுத்தியபடியே குந்தியிருந்தேன்.
கை மரத்துப்போனது.