இடது பின் சக்கரம்

சறுக்கும் கார் ஒன்றின் படம்,
பின்னால் நெளிநெளியாய் இரண்டு கோடு.
சூளகிரி தாண்டியதும் மஞ்சளாய் எரிந்தது.
சாலை காய்ந்து கிடந்தது.
வண்டி நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது.
ஓரங்கட்டி அணைத்துப் போட்டேன். போய்விட்டது.
மேலுமலை வருவதற்குள் மறுபடி.

ஓசூரிலிருந்து வீடு வரை பெரும்பாலும் இறக்கம்.
பெடலை விட்டால் போதும்,
வண்டி தானே கொஞ்சம் சம்பாதிக்கும்:
நாலு சதவீதம், சில நாள் ஐந்து.
விளக்கு எரியத் தொடங்கியபின்
இறக்கம் எனக்கு எதையும் திருப்பித் தரவில்லை.
பிரேக் கட்டை தேய்ந்தது, அவ்வளவுதான்.

பழையபேட்டையில் கவுஸ்
லேப்டாப்பை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து
தான் தரையில் உட்கார்ந்தான்.
கிரானைட் லாரிக்குப் பின்னால் போவீங்களா என்றான்.
தினமும் என்றேன்.
இடது பின் சக்கரத்தைக் கழற்றி
மாவு மாதிரி அப்பியிருந்ததை டூத் பிரஷ்ஷால் தேய்த்தான்.
எலி கடித்திருக்குமோ என்று
ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனான்.
கடிக்கவில்லை.
வலது சென்சாரை இடதுக்கும்
இடதை வலதுக்கும் மாற்றிப் பூட்டினான்.
குற்றம் இடம் மாறவில்லை.
சாட்சியை மாத்தியும் பேச்சு மாறலையே
என்று தலையைச் சொறிந்தான்.

பிறகு என்னை ஓட்டச் சொன்னான்,
லேப்டாப் அவன் மடியில்.
பெங்களூர் ரோட்டில் ஒரே சீராய் நாற்பது.
நாற்பது, நாற்பது, நாற்பது,
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
ஒரே வண்டியின் நாலு காலில்
ஒன்றுக்கு மட்டும் என்ன அவசரம்?
கார் என்ன நினைக்கும், அண்ணா?
இந்தச் சக்கரம் எப்பவும் வழுக்குதுன்னு நினைக்கும்.
பாவம், அது பயப்படுது.

திரும்பி வந்து ஒரு சாக்பீஸ்.
டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு,
ஒரு சுற்று தள்ளி இன்னொரு கோடு.
தையல்காரன் டேப்பால் அளந்தான்.
வலது: ஒரு மீட்டர் எண்பத்தெட்டு.
இடது: ஐந்தரை சென்டிமீட்டர் குறைவு.
கிலோமீட்டருக்குப் பதினாறு சுற்று அதிகம்,
கூட இருப்பவர்களோடு சேர்ந்து போக.

யாரோ சைஸ் மாத்திப் போட்டிருக்காங்க.
எப்ப மாத்தினீங்க?

நான் மாற்றவில்லை.

சொல்லிவிட்டு நின்றேன்.
போன மாதம் ஒரு காலை நினைவுக்கு வந்தது.
எண்பத்தொன்றில் விட்டுப் படுத்த வண்டி
ஐம்பத்தெட்டில் விழித்திருந்தது.
மின்வாரியத்தைத் திட்டினேன்.
சார்ஜர் கம்பெனிக்கு இரண்டு முறை போன் போட்டேன்.
மிதியடியில் செம்மண் ஈரம் இருந்தது.
அதைத் தட்டி உதறியதும் நான்தான்.

புது டயர் போட்டதும் விளக்கு அணைந்தது.
சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.
நாகவேணி கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.
என்னவாம்?
ஒரு டயர் சின்னதாம்.
சல்லடை நிற்கவில்லை.
ராயக்கோட்டையில் அந்த நேரத்துக்கு
அந்த ஒரு டயர்தான் இருந்தது, என்றாள்.

அறுபது கிலோமீட்டர், போகவர.
மழை பெய்த ராத்திரி.
கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது, சின்னதுதான்,
ஒற்றைச் சொல்.
நான் கேட்டது வேறு:
பின்னால் ஸ்டெப்னி இருந்ததே?

ஜாக்கி எங்கே வைப்பதென்று தெரியலை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் இருவரும் குந்தினோம்.
பேட்டரி தட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது,
இங்கே, இந்த மடிப்பில், என்று காட்டினேன்.
அவள் கையை எடுத்து வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.
சுழற்றினாள். வண்டி ஒரு பக்கமாய் எழுந்தது.
டாஷ்போர்டில் எதுவும் எரியவில்லை.
இன்னொரு தடவை, என்றாள்.
இந்த முறை நீங்க சொல்லாதீங்க.